நனைந்த மலைகளில் தீச்செடிகள்

இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 3,700 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. சென்னை காணும் மழையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த மாவட்டத்தில் மலை பற்றி எரிகிறது என்றால் வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்புவதில்லை. ஆனால் ஆடி, ஆவணியில் பலாங்கொடையைத் தாண்டிப் பெலிஹுல்ஓயாப் பக்கம் போகிறவர்களுக்கு மலைச்சரிவில் கருகிக் கிடக்கும் திட்டுகள் புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு மலைத்தொடரைத் தாண்டி இறங்கும்போது வறண்டுபோகிறது. மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்கிறார்களே, அதன் தலைமாடு இந்த மலைகள்தான். கேகாலைப் பக்கத்தில் தீயின் பருவம் வேறு. தை, மாசியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பால்வெட்டுக்காரர் நடக்கிற தடமெல்லாம் சருகாகக் கிடக்கும். அணைக்காமல் எறிந்த ஒரு பீடித்துண்டு போதும்.

மழை நாட்டில் தீ எப்படி வழக்கமாயிற்று? தீயோடு வாழப் பழகிய செடிகள் இங்கே எப்படி வந்தன? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான் என்பது என் எண்ணம். நிலத்தை யார், எப்படி வெறுமையாக்கினார்கள், பிறகு எப்படிக் கைவிட்டார்கள் என்ற கதைக்குள் அது கிடக்கிறது.

தீ எந்த நிலத்துக்கு இயல்பானது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனை, கலிபோர்னியாவின் கரையோரம், அவுஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை ஆகியவற்றில் கோடை வறண்டது, மழை குளிர்காலத்தில் வருவது. பல இடங்களில் மரங்கள் ஓங்கி வளராமல், இடுப்பளவும் தலையளவும் உயர்ந்த பசுமைமாறாப் புதர்களே கடலோரம் தொடங்கி மலை வரைக்கும் மூடியிருக்கின்றன. முனைப் பகுதியின் புதர்க்காட்டுக்கு ஃபைன்போஸ் என்று பெயர். அதைச் சுற்றிய தாவரப் பிரதேசம் சுமார் 90,000 சதுர கிலோமீற்றர்தான். அதற்குள் ஏறத்தாழ 9,000 வகைப் பூக்கும் தாவரங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லை. இந்தப் புதர்களுக்குத் தீ என்பது தலைமுறை மாறுகிற தருணம். ப்ரோட்டியாச் செடி தன் விதைகளைக் கட்டையான பூத்தலைக்குள் ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்திருந்து, தாய்ச்செடி எரிந்த பிறகே உதிர்க்கிறது. கலிபோர்னியாவின் சியனோதஸ் விதைக்குச் சூடு பட்டால்தான் தோல் வெடிக்கும். இன்னும் நுட்பமானது புகையின் வேலை. ஓடினியா கப்பிடேட்டா என்ற அரிய ஃபைன்போஸ் செடியின் விதை புகை பட்டதும் முளைக்கிறது என்பதை 1990இல் தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் டி லாங்கேயும் பூஷேயும் காட்டினார்கள். புகையில் இருந்துகொண்டு விதையை எழுப்பும் வேதிப்பொருள் எது என்பதை 2004இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள்.

அந்த முனைப் பகுதிக்கும் நம் மலைகளுக்கும் இடையில் ஒரு மனிதர் நிற்கிறார். ஹரோல்ட் பியர்சன் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1890களின் இறுதியில், கேம்பிரிட்ஜ் படிப்பு முடிந்த இளம் வயதில், இலங்கைக்கு வந்து நம் மலைப் புல்வெளிகளை ஆராய்ந்தார். பத்தனை என்று நாம் சொல்லும் அந்தப் புல்வெளிகளைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1899இல் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. காடு வளரக்கூடிய மழை பெய்தும் சில சரிவுகளில் ஏன் புல் மட்டும் நிற்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை ஓயவில்லை. பியர்சன் பின்னர் தென்னாபிரிக்காவுக்குப் போனார். மேசை மலையின் கிழக்குச் சரிவில் 1913இல் கிர்ஸ்டன்பொஷ் தாவரவியல் பூங்காவை நிறுவி, அதன் முதல் பணிப்பாளராக இருந்து, 1916இல் காலமாகி, அங்கேயே அடக்கமானார். தீ இயல்பாக இருக்கிற ஒரு நாட்டையும் தீ புகுந்துவிட்ட ஒரு நாட்டையும் ஒரே ஆள் தன் குறுகிய வாழ்நாளில் பார்த்தது தாவரவியல் வரலாற்றில் அபூர்வமான வாய்ப்பு. நம் பாடநூல்களில் அவர் பெயர் கண்ணில் படுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தீ இந்த மலைகளுக்கு முற்றிலும் புதியது என்றும் சொல்லிவிட முடியாது. குருவிட்டையை அடுத்த பட்டதொம்பலென குகையிலும், கித்துல்கலையின் பெலிலென குகையிலும் வாழ்ந்த கற்கால மனிதர்கள் தீ மூட்டியவர்கள். முதலாவது இரத்தினபுரி மாவட்டத்தில், இரண்டாவது கேகாலை மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் மழைக்காட்டுக்குள்ளேயே வாழ்ந்து, காட்டின் கொட்டைகளையும் குரங்குகளையும் உண்டவர்கள். அவர்களின் பற்களில் எஞ்சிய வேதித்தடயங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. ஹோட்டன் சமவெளியின் சதுப்புமண்ணைத் துளைத்து மகரந்தத்தையும் கரித்துகளையும் எண்ணிய, பிரேமதிலக்க என்ற ஆய்வாளரின் ஆய்வு, மனிதக் கை அந்த உயரத்தைத் தொட்ட காலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. ஆக, தீ இருந்தது. ஆனால் மலையெல்லாம் எரிந்து, எரிந்த இடம் மீண்டும் காடாக முடியாமல் போன காலம் மிகப் பிந்தியது.

அந்தக் காலத்தின் தொடக்கம் கோப்பி. மலையடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி விட்டுக்கொண்டே போவார்கள். உச்சியில் நிற்கிற வரிசையை முழுவதாகச் சாய்த்ததும் அது கீழ்வரிசையின்மேல் விழும், அது அடுத்ததன்மேல் விழும், ஒரு மலைமுகமே ஓசையோடு படுத்துவிடும். சில வாரம் வெயிலில் காயவிட்டுத் தீ வைப்பார்கள். காடு வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர்கள் ஒப்பந்தத்துக்குச் செய்தார்கள். சாம்பல் ஆறிய பிறகு குழி வெட்டவும், நடவும், களை எடுக்கவும் வந்தவர்கள் தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம் முன்னோர். 1869இல் இலைத்துரு நோய் தாக்கி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதே நிலத்தில் தேயிலையும், தாழ்ந்த மலைகளில் ரப்பரும் ஏறின. 5,000 அடிக்கு மேல் காட்டை விட்டுவிடுங்கள் என்று கியூ தாவரவியல் பூங்காவின் ஜோசப் ஹூக்கர் 1873இல் சொன்ன ஆலோசனைதான் மேல்மலையின் மிச்சத்தைக் காத்தது. இரத்தினபுரியும் கேகாலையும் சேர்ந்த சப்ரகமுவவின் மலைகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அவற்றைக் காக்க எவரும் கோடு கிழிக்கவில்லை.

மேல்மலையில் தோட்டத் துரைமார் தங்கள் ஊர் நினைவாகச் சில செடிகளை நட்டார்கள். அவற்றில் ஒன்று கோர்ஸ். உலெக்ஸ் யூரோப்பியஸ் என்பது அதன் தாவரப் பெயர். பிரித்தானியா, அயர்லாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய நாடுகளின் அத்திலாந்திக் கரையோரக் கரம்புகளில் இயற்கையாக வளரும் பசுமைமாறாப் புதர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பூவைப் பார்த்தாலே தெரியும். மஞ்சள் நிறம், முகர்ந்தால் தேங்காய் மணம். இலைகள் எல்லாம் முள்ளாகிவிட்டதால் மாடு நெருங்காது, அதனால் வேலிக்கு விரும்பி நட்டார்கள். 1835 டிசம்பரில் நியூசிலாந்தின் வைமாத்தேக்குச் சென்ற சார்ள்ஸ் டார்வின் அங்கே கோர்ஸ் வேலிகளைக் கண்டு ஆங்கில நாட்டுப்புறத்தை நினைத்துக்கொண்டார். இன்று அதே நாடு அந்தச் செடியை ஒழிக்கப் பெரும் பணம் செலவிடுகிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தார் வெளியிட்ட பட்டியலில் கோர்ஸும் இருக்கிறது.

இந்தச் செடியின் உடலே எரிவதற்காகக் கட்டியது. வெளிப்புறம் பச்சையாக நிற்கும்போதே உட்புறக் கிளைகள் காய்ந்து, முள்ளோடு முள் பின்னிக் கிடக்கும். தண்டிலும் இலையிலும் எரியெண்ணெய் உண்டு. வெயில் ஏறிய நண்பகலில் காய்கள் படபடவென வெடித்து விதைகளைச் சில மீற்றர் தூரத்துக்கு வீசுகின்றன. மண்ணுக்குள் போன விதை முப்பது ஆண்டு உறங்கிக் கிடக்கும். தீ வந்தால் தாய்ச்செடி எரிந்துபோகும், அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், உறங்கிய விதைகள் ஒன்றாக முளைக்கும். ஒவ்வொரு தீயும் கோர்ஸுக்கு லாபம்தான். அமெரிக்காவின் ஒரிகன் கரையில் பேண்டன் என்ற சிற்றூர் 1936 செப்டெம்பரில் ஏறக்குறைய முழுவதும் எரிந்து போனது. அயர்லாந்திலிருந்து வந்து ஊரை நிறுவியவர் ஆசையாகக் கொண்டுவந்து நட்ட கோர்ஸ் புதர்கள் தெருவோரமெல்லாம் பரவி நின்று அந்தத் தீயை வீடுகளுக்குள் அழைத்து வந்தன.

நம் நாட்டில் கோர்ஸ் நிற்பது நுவரெலியாவைச் சுற்றியும் ஹோட்டன் சமவெளியிலும்தான். 2,100 மீற்றருக்கு மேற்பட்ட அந்தப் புல்வெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வனசீவராசிகள் திணைக்களமும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகளாகக் கோர்ஸைப் பிடுங்கி வருகிறார்கள். வேரில் துண்டு மிஞ்சினாலும், மண்ணில் விதை மிஞ்சினாலும், வேலை மறுபடி தொடங்கிவிடும். சமவெளியின் தெற்கு விளிம்பு உலக முடிவு. சுமார் 880 மீற்றர் செங்குத்தாக இறங்கும் அந்தப் பாறைக்குக் கீழே தெரிகிற தேயிலை மலை நொன்பரெயில் தோட்டம். அது இரத்தினபுரி மாவட்டம். சமவெளியில் ஊறும் பெலிஹுல் ஓயா அந்தச் சரிவில் இறங்கி வளவையோடு சேர்கிறது. 1992இல் நீர் நிரம்பிய சமனலவெவ அணையும், அதற்கும் கீழே உடவளவையின் வயல்களும் அந்தத் தண்ணீரை நம்பியவை. மேலே புல்வெளி எரிந்தாலும் கோர்ஸ் பரவினாலும் அது நுவரெலியாக்காரர் பாடு என்று சப்ரகமுவ சும்மா இருக்க முடியாது.

கோர்ஸ் தாழ்ந்த வெப்பமலைகளுக்கு இறங்கி வராது. அதற்குக் குளிர் வேண்டும். ஆனால் கோர்ஸ் மேலே செய்கிற வேலையைக் கீழே வேறு செடிகள் செய்கின்றன. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது மானாப் புல். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன், ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு மானாவோ குவாட்டமாலாப் புல்லோ போட்டு மண்ணைத் தேற்றச் சொல்வது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பரிந்துரை, நல்ல பரிந்துரையும்கூட. ஆனால் மறுநடுகைக்குப் பணம் வராமல் போனால் மானா அங்கேயே நின்றுவிடும். தலைக்கு மேல் வளர்ந்து, அடியில் காய்ந்து, இலையில் இருக்கும் வாசனை எண்ணெயோடு காத்திருக்கும். எரிந்த மூன்றாம் வாரம் கரியிலிருந்து பச்சைத் துளிர் எழும். மாடு மேய்க்கிறவர்கள் அந்தத் துளிருக்காகவே தீ வைப்பதும் உண்டு.

மானாவைவிடப் பிடிவாதமானது கெகில்ல என்னும் பன்னம். ஒரு கைப்பிடி விலக்கிப் பார்த்தால்தான் அதன் வேலை விளங்கும். மேலே தெரிகிற பச்சை ஒரு முழம்தான். அதன்கீழ் கடந்த ஆண்டுகளின் ஓலைகள் பழுப்பாகி, ஒடியாமல், ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கின்றன. இன்னும் தோண்டினால் கம்பி போன்ற கிழங்குத்தண்டுகள் மண்ணின் மேல்தோலில் பாய் முடைந்திருக்கும். பறவை போட்ட விதை அந்த ஓலைக் குவியலில் தொங்கியே காய்ந்துபோகும், மண்ணைத் தொடாது. தொட்டு முளைத்தாலும் வெளிச்சம் கிடைக்காது. வறட்சியில் மேற்குவியல் வைக்கோலாக எரியும். கிழங்குத்தண்டு மண்ணுக்குள் தப்பித்துவிடும். கலவானைப் பக்கத்திலும் சிங்கராஜ வனத்தின் ஓரங்களிலும் கைவிட்ட சேனைகளும் தோட்டத்துண்டுகளும் இப்படிப் பன்னக்காடாகி, முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே நிலையில் நிற்கக் காணலாம். வன அதிகாரி ஹோம்ஸ் 1951இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாகக் கொண்டுவந்த ஆய்வு, இலங்கையின் புல்நிலத்தையும் சவன்னாவையும் போலவே இந்தப் பன்னநிலத்தையும் தனியாக எடுத்துக்கொண்டு பேசியது. எழுபது ஆண்டு கடந்தும் தோட்ட நிர்வாகங்களின் கணக்கேட்டில் அதற்கு ஒரே பெயர்தான், தரிசு.

மூன்றாவது பைனஸ். 1970களிலும் 80களிலும் வன திணைக்களம் தரிசு மலைகளில் கரீபியன் பைனஸை வரிசை வரிசையாக நட்டது. அந்த மரமே மத்திய அமெரிக்காவின் தீ பழகிய கரையோரத்தைச் சேர்ந்தது. அதன் ஊசிச் சருகு மக்காமல் சேர்ந்து, ஆண்டுதோறும் எரிகிறது. தீயைத் தடுக்க வேண்டிய இடத்தில் தீக்குப் பிறந்த மரத்தைக் கொண்டுபோய் வைத்தது அவசரத்தில் எடுத்த முடிவு. ஆனால் அதே பைனஸ் பின்னர் ஒரு நல்ல காரியத்துக்கும் உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இலங்கையில் மின்னலால் காடு எரிவது மிக அரிது. எரிகிற தீ கிட்டத்தட்ட எல்லாமே மனிதர் வைத்தது, அல்லது மனிதர் கவனக்குறைவால் விட்டது. ஆகவே ஒவ்வொரு முறை மலை எரிந்ததும் யார் வைத்தது என்று கேட்பார்கள். விரல் பெரும்பாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பக்கம்தான் நீளும். நியாயம் அங்கே நின்றுவிடக் கூடாது. தீக்குச்சி கிழித்தவர் ஒருவராக இருக்கலாம். எரிகிறதற்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் மானாவையும் கெகில்லவையும் யார் தயாரித்து வைத்தது?

ஒரு காலத்தில் இந்தத் தோட்டங்களில் களை என்பதே கண்ணில் படாது. மாதக் கொந்தரப்புக்குக் களை எடுத்தார்கள். சுரண்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, மழையில் மேல்மண்ணெல்லாம் ஓடிப்போகும் அளவுக்கு எடுத்தார்கள். அது சரியான முறை என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய சரிவுகள் இவ்வளவு மெலிந்து புளித்த மண்ணாக நிற்பதற்கு அந்தச் சுத்தக் களையெடுப்பும் ஒரு காரணம், அந்த மண்ணில்தான் கெகில்ல மகிழ்ந்து வளர்கிறது. பிறகு 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தம், தேசியமயம், 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போனது, தொழிலாளர் நகரத்துக்கும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் இறங்கிப் போனது, 2015இல் கிளைபோசேட் களைகொல்லிக்கு வந்த தடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றிலும் மலையின் விளிம்பிலிருந்து ஒரு துண்டு கைவிடப்பட்டது. தூரத்து மலை, செங்குத்து மலை, பழைய நாட்டுத் தேயிலை நின்ற மலை, கொழுந்து குறைந்த மலை என்று தொடங்கி, கணக்கில் லாபம் தராத ஒவ்வொன்றும் காட்டுக்கு விடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. காடு வரவில்லை. வந்தது எரிபொருள்.

எரிந்த சரிவில் முதலில் பூக்கிற புதர் எது என்று பார்ப்போம். காட்டுக்கும் கெகில்லவுக்கும் இடையிலான வழக்கு இந்தப் புதரில்தான் தீர்கிறது. சிங்களத்தில் போவிட்டியா என்பார்கள். அந்தப் பெயரிலேயே தோட்டத்திலும் அடையாளம் சொல்லலாம். மெலஸ்டோமா மலபாத்ரிக்கம் ஒன்று, அதைவிடச் சிறிதான ஒஸ்பெக்கியா ஒக்டாண்ட்ரா இன்னொன்று. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் பசுமைமாறாப் புதர்கள், இரண்டும் தேயிலையைப் போலவே புளித்த மண்ணை விரும்புகிறவை. மற்ற செடிகளுக்கு நஞ்சாகிற அலுமினியத்தை மெலஸ்டோமா தன் இலைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு வாழ்கிறது. தேயிலையும் அதே வித்தையைச் செய்கிறது. ஒஸ்பெக்கியாவின் இலையைக் காமாலைக்கும் ஈரல் நோய்க்கும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பது கிராமத்து வைத்தியம். அதன் ஈரல் காக்கும் குணம் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களிலும் சோதனைக்குட்பட்டிருக்கிறது.

மெலஸ்டோமாவின் பூவை ஒரு காலை நேரம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஐந்து ஊதா இதழ்கள், நடுவே இரண்டு வகை மகரந்தத்தாள்கள். குட்டையாக மஞ்சளாக நிற்பவை ஒரு வகை, நீண்டு ஊதாவாக வளைந்து நிற்பவை இன்னொரு வகை. மஞ்சளைக் கண்டு கரு வண்டு வந்து இறங்குகிறது. இறங்கியதும் சிறகை மடக்கிக்கொண்டு உடலை அதிரவைக்கிறது, அந்த ரீங்காரம் இரண்டடி தள்ளி நின்றாலும் கேட்கும். அதிர்வில் தாள்களின் நுனித் துளை வழியே மகரந்தம் பொடியாகக் கொட்டுகிறது. வண்டு மஞ்சள் தாள்களிலிருந்து தன் உணவை எடுக்கிறது. நீண்ட ஊதாத் தாள்கள் அதன் முதுகிலும் வயிற்றிலும் மகரந்தத்தைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்புகின்றன. பிறகு காய் பழுத்து வாய் பிளக்கும். உள்ளே கருநீலச் சதை, நுண்ணிய விதைகள். லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தின்று, நாக்கை நீட்டி யாருடையது அதிகம் கறுத்திருக்கிறது என்று காட்டிக்கொள்வார்கள். கொண்டைக்குருவியும் அதைத் தின்ன வருகிறது. தின்ன வந்த பறவை வேறெங்கோ தின்ற பழத்தின் விதையை அந்தப் புதரடியில் போட்டுவிட்டுப் போகிறது.

தீயைத் தாங்கும் புதர் என்ற வகையில் போவிட்டியாவும் கோர்ஸின் ஜாதிதான். எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். ஆனால் அது தீயைப் பெருக்குவதில்லை. இலை ஈரமானது, உள்ளே காய்ந்த முள் சேராது, எண்ணெய் இல்லை. தலைக்குமேல் ஒரு மரம் எழுந்து நிழல் விழுந்தால் போவிட்டியா மெல்ல ஒதுங்கிவிடும். ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகா ரத்மலுக்கும், நீலகிரியில் அதன் உறவான காட்டுப்பூவரசுக்கும், பெலிஹுல்ஓயாவுக்குக் கிழக்கே உலர்ந்த பத்தனையில் தனித்தனியாக நிற்கும் நெல்லி, கடுக்காய் மரங்களுக்கும் தடித்த பட்டை உண்டு. அவையும் தீயைப் பொறுத்து வாழ்கின்றனவே தவிரத் தீயை வளர்ப்பதில்லை. பொறுத்துக்கொள்வது வேறு, தூண்டுவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தச் செடியைப் பிடுங்குவது, எதை விடுவது என்பதில் குழப்பம் வராது.

குழப்பத்துக்கு வழிவகுப்பது போவிட்டியாவின் அயல்நாட்டுச் சொந்தமான கிளிடெமியா ஹிர்ட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. அதே குடும்பம், அதே மாதிரி நரம்போடிய இலை. ஆனால் உடல் முழுக்கச் சொரசொரத்த உரோமம், பூ சிறியது, வெள்ளை. போவிட்டியா நிழலில் ஒதுங்கும். கிளிடெமியா நிழலுக்குள்ளும் நுழைந்து நாற்றுகளின் இடத்தைப் பிடிக்கும். சிங்கராஜ வனத்தில் மரம் விழுந்த இடைவெளிகளில் அது பரவியிருக்கிறது. 1826இல் அலங்காரச் செடியாகப் பேராதனைப் பூங்கா வழியே வந்து நாடெங்கும் முள்காடான உண்ணிச்செடியையும் இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். களை பிடுங்கப் போகிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் போவிட்டியாவிலிருந்து பிரித்துக் காட்டிக் கொடுக்காமல் கத்தியைக் கொடுக்கக் கூடாது.

அப்படியென்றால் எரிந்த மலையை மீட்க முடியுமா? முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் கையில் இருக்கின்றன. நியூசிலாந்தின் பாங்க்ஸ் தீபகற்பத்தில் ஹினெவாய் என்ற காப்பகம். 1987இல் அதைப் பராமரிக்கத் தொடங்கிய தாவரவியலாளர் ஹியூ வில்சன் கோர்ஸை வெட்டவில்லை, மருந்தடிக்கவில்லை. தீயையும் ஆடுமாட்டையும் மட்டும் வெளியே நிறுத்தினார். அக்கம்பக்கத்து விவசாயிகள் கோபப்பட்டார்கள். ஆனால் கோர்ஸ் புதரின் நிழலில், அது சேர்த்த தழைச்சத்தில், உள்ளூர் மரங்கள் முளைத்து, அதன் தலைக்குமேல் எழுந்து, வெளிச்சமில்லாமல் செய்து அதைக் கொன்றன. இன்று அங்கே காடு நிற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: தீ வரக் கூடாது. வந்தால் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது சான்று நம் வீட்டுக்கே சொந்தம். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் நட்டிருந்த பைனஸ் தோப்புகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியரும், யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் அவர்களின் குழுவினரும் 1990களில் சில வரிசை மரங்களை மட்டும் அகற்றி, கிடைத்த வெளிச்ச இடைவெளியில் மழைக்காட்டு நாற்றுகளை நட்டார்கள். வெட்டவெளியில் கருகிப்போகிற அந்த நாற்றுகள் பைனஸின் பகுதி நிழலில் பிழைத்து வளர்ந்தன. 1997இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னர் 1995இல் கோஹன், சிங்ககுமார, அஷ்டன் ஆகியோர் கெகில்ல நிலத்தைப் பற்றி எழுதியது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. பன்னத்தை நீக்கி மண்ணைத் திறந்து விட்டால், காத்திருந்த காடு தானே நகரத் தொடங்குகிறது என்பது அந்த ஆய்வின் சாரம். நாற்றுமேடையும் வேண்டாம், நடுகைச் செலவும் குறைவு. தடையை அகற்றினால் போதும்.

தடையை அகற்றுவது என்றால் நடைமுறையில் என்ன? மம்பட்டி பிடித்துக் கெகில்லவின் கிழங்குத்தண்டைப் பாயோடு சுருட்டி எடுப்பது. வறட்சிக்கு முன் மானாச் சரிவின் விளிம்பில் தீத்தடைக் கீற்று வெட்டுவது. அந்தக் கீற்றை அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் சுத்தமாக வைத்திருப்பது. போவிட்டியா முளைத்தால் விட்டுவிடுவது, கிளிடெமியா முளைத்தால் பிடுங்குவது. தீ வந்தால் பச்சைக் கொப்பால் அடித்து அணைப்பது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து நிற்பது. இந்த வேலை ஒவ்வொன்றும் தெரிந்தவர்கள் மலையிலேயே இருக்கிறார்கள். கான் வெட்டியும், கவ்வாத்து வெட்டியும், முள்ளுக் குத்தியும் தலைமுறையாக அந்தச் சரிவுகளின் ஒவ்வொரு மடிப்பையும் காலால் அறிந்தவர்கள். ஆனால் அவர்களுக்குக் கூலி கொழுந்தின் கிலோவுக்குக் கிடைக்கிறது, ரப்பர் பாலின் எடைக்குக் கிடைக்கிறது. கைவிட்ட மலையில் பன்னம் பிடுங்குகிற நாளுக்குப் பெயர் போட எந்தச் செக்ரோலிலும் இடமில்லை.

அதற்கு இடம் செய்வது கடினமல்ல. தோட்டக் கம்பெனிகள் தேயிலைக்குச் சர்வதேச நற்சான்றிதழ் வாங்கும்போது இயற்கைக் காட்டைப் பாதுகாப்பதாக எழுதிக் கொடுக்கின்றன. வன திணைக்களத்துக்கும் மின்சார சபைக்கும் வளவையின் நீர்ப்பிடிப்பு தேவை. சமனலவெவவில் வண்டல் நிரம்பினால் இழப்பு அவர்களுக்கே. இந்த மூவரும் சேர்ந்து, பெலிஹுல்ஓயாவுக்கு மேலே ஒரு சரிவையும் கலவானைப் பக்கத்தில் ஒரு பன்னக்காட்டையும் எடுத்து, அங்குள்ள லயத்துக் குடும்பங்களோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்யட்டும். தீ வராமல் காத்த ஒவ்வொரு ஆண்டுக்கும் நாட்கூலிக்குக் குறையாமல் ஊதியம், மலை காடாகத் திரும்பியதும் அதன் ஓரத்தில் கித்துல், மிளகு, கறுவா வைத்துப் பயன் எடுக்கும் உரிமை என்று எழுத்தில் எழுதட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு வறட்சியில் தீயணைக்க விமானப்படையின் ஹெலிகொப்டரை அழைப்பதைவிட இது மலிவாகவே முடியும்.